ரிங்கிட் இறங்கட்டும்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. சென்னையிலிருந்து நடக்கும் ஒரு பயண இணையதளத்துக்குக் கட்டுரையாகத்தான் பிறந்தது. 'வெளிநாட்டுச் சுற்றுலா போகிறவர்கள் நல்ல விலைக்குப் பணம் மாற்றுவது எப்படி?' என்பது தலைப்பு. கேட்டவர் கார்முகில், அந்தத் தளத்தின் ஆசிரியர், என் மகன் வயது. கொடுப்பது சொற்பம், அதுவும் இரண்டு மாதம் கழித்து. என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. போடிநாயக்கனூரிலிருந்து நான் போன வெளிநாடு மூணாறுதான். அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

[போடியில் அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. வேண்டாம். எல்லாக் கதையும் மழையில்தான் தொடங்குகிறது. தவிர, இது கட்டுரை.]

[பணம் என்பது ஒரு நம்பிக்கை. யார் கேட்டார்கள்?]

[ஜோசப் ஒரு கஞ்ச]

மூன்றாவது வரியில் கை நின்றுவிட்டது. ஜோசப் ஏலக்காய் வியாபாரி. கீழே அவருடைய கிடங்கும் வீடும், மாடியில் வாடகைக்கு நான். கட்டுரைக்கு ஓர் உதாரணம் வேண்டுமே என்று அவரை உள்ளே கூப்பிட்டேன். வந்தவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

2

கஞ்சன் என்று எழுதுவது சுலபம். வாசகருக்கும் ஆள் உடனே பிடிபட்டுவிடும். ஆனால் அது பொய். போன வருஷம் குரங்கணி ரோட்டில் லோடு ஜீப்பு கவிழ்ந்தபோது டிரைவரின் ஆஸ்பத்திரிச் செலவு மொத்தத்தையும் யாரும் கேட்காமலே கட்டியவர் அவர். அவரைக் கஞ்சன் என்று எழுதினால் என் கை விளங்காது.

அவருக்கு இருக்கும் வியாதி வேறு. காத்திருப்பது. ஏல மையத்தில் தன் சரக்குக்கு விலை படியவில்லை என்றால், அந்த லாட்டை, அதாவது ஏலத்துக்கு வைத்த மூட்டைகளை, திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஏலத்தில் மறுபடி வைக்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மற்றவர்கள் பதறிப்போய் விற்ற வருஷங்களில் ஜோசப் மூட்டையை அசைக்காமல் வைத்திருந்து முன்னுக்கு வந்தார். வந்தது வினை. உலகத்தில் எதையும் திருப்பி எடுத்து அடுத்த ஏலத்தில் வைக்கலாம் என்று நம்பிவிட்டார்.

3

ஷெர்லின் அவர் மனைவி.*

(* என்னை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவள், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். 'அவர்' என்று ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். யாரோ வங்கி மேலாளர் மாதிரி இருந்தது.)

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காய் பிரிக்கும் பெண்களோடு பகலெல்லாம் கிடங்கில் நிற்பாள். நடுநடுவே ஓடி வந்து, வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் காபி போடுவாள். அவளுக்கு மலேசியாவில் லங்காவித் தீவுக்குப் போக வேண்டும். துணி காயப்போட மாடிக்கு வந்தவளிடம் கட்டுரைக்காகக் கேட்டேன்.

"அங்க போயி என்னம்மா பாக்கணும் ஒனக்கு?"

"ஒண்ணும் பாக்க வேண்டாம்ண்ணே. கடலுக்கு எதுக்க ஒரு சேர்ல உக்காரணும். எவனாச்சும் எனக்குக் காபி கொண்டாந்து குடுக்கணும். காலி டம்ளரை நான் எடுக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

ஜோசப் மறுப்பு சொல்லவில்லை. முதன்முதலில் அவள் கேட்டபோது மலேசிய ரிங்கிட் பதினேழரை ரூபாய் சில்லறை. "கொஞ்சம் இறங்கட்டும், போவோம்" என்றார். ரிங்கிட் ஏறியது. "ஏறுனது எறங்காமலா போயிரும்?" என்றார். மேலும் ஏறியது. மாசியோடு பறிப்பு ஓய்ந்தால் ஆடியில் மறுபடி சோலி தொடங்கிவிடும். இடைப்பட்ட கோடையில்தான் அவர்கள் எங்காவது நகர முடியும். அப்படி ஒரு கோடை போனது, அடுத்ததும் போனது. நடுவில் ஒருநாள் அவர் புது யோசனையோடு வந்தார்.

"சிலோனுக்குப் போவமா? நம்ம ஒரு ரூவாய்க்கு அங்க மூணு ரூவாய்க்கு மேல தர்றான்."

"அங்கயும் ஏலமும் தேயிலையுந்தான இருக்கு? அதைப் பாக்கவா பிளேன் ஏறணும்? இங்கன ஜீப்புல ஏறுனாப் பத்தாதா?"

இந்த வருஷம் ஷெர்லின் சொன்னது வேறு மாதிரி இருந்தது. கோபமில்லை, அழுகையில்லை. "இந்தத் தடவையும் போகலைன்னா இனிமே கேக்க மாட்டேங்க" என்றாள். ஜோசப் அதை வியாபாரப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் பயமாக இருந்தது. கேட்கிற வரைக்கும்தான் அவள் அந்த வீட்டில் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். கேட்பதை நிறுத்திவிட்டால் அப்புறம் காபி மட்டும் வேளாவேளைக்கு வரும்.

ஜோசப்புக்கும் எங்கோ உறைத்திருக்க வேண்டும். டிக்கெட் போட்டுவிட்டார். பாக்கி ரிங்கிட் வாங்குவதுதான்.

3 (மறுபடி)

கார்முகில் செய்தி அனுப்பினார். "சார், குடும்பக் கதை நல்லா இருக்கு. டிப்ஸ் எங்க?"

இதோ. 'கமிஷன் இல்லை' என்று பலகை வைத்திருப்பவனை நம்பாதீர்கள், அவன் கமிஷனை விலைக்குள் ஒளித்திருப்பான். செல்போனில் தெரியும் விலை உங்களுக்குக் கிடைக்காது, அதற்கு எவ்வளவு பக்கத்தில் ஒருவன் தருகிறான் என்று மட்டும் பாருங்கள். வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது ரூபாயில் கட்டவா, அந்த ஊர்க் காசில் கட்டவா என்று மெஷின் கேட்கும். அந்த ஊர்க் காசையே சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தலை போனாலும் விமான நிலையக் கவுண்டரில் மாற்றாதீர்கள். ஒரே பணத்தை ஏற்றி விற்பான், இறக்கி வாங்குவான். அவசரத்தில் நிற்பவன் பேரம் பேச மாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஜோசப்புக்கும் சொன்னேன். அவர் ரயிலேறி மதுரைக்குப் போனார். மூன்று கடைகளில் விலை கேட்டு, ஒருவன் சொன்னதை இன்னொருவனிடம் சொல்லி, ஏலம் விடுவதுபோல அலைந்தார். சாப்பிட்டு வருவதற்குள் மூன்று கடையிலும் விலை மாறியிருந்தது. கடைசியில் ஒருவன் பத்துப் பைசா குறைத்தான். "சரி, திங்கக்கிழமை பாப்போம்" என்று லாட்டைத் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். திங்கட்கிழமையும் போனார். அடுத்த வாரமும் போனார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எனக்கு எரிச்சல். "வாங்கித் தொலைச்சா என்ன ஜோசப்பு?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரே ஒரு ரிங்கிட் நோட்டை எடுத்தார். யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருக்கிறார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"மோந்து பாத்தா ஒண்ணும் தெரியலண்ணே. மூட்டைக்குள்ள கைய விட்டா காய் என்ன வெலைன்னு எனக்குத் தெரியும். இது கைக்குத் தெரிய மாட்டேங்குது. ஏமாந்தாலும் ஏமாந்தோம்னுகூடத் தெரியாதுல்ல?"

அதுவரை அவர்மேல் இருந்த எரிச்சல் குறைந்தது. ஊரெல்லாம் விலை கேட்டு வருகிற மனிதர், விலை தெரியாத ஊரில் போய் நிற்கப் பயப்படுகிறார். இந்தப் பத்தியைக் கார்முகில் வெட்டிவிடுவார் என்று தெரியும். இருக்கட்டும்.

4

புறப்படும் நாள் வரை ரிங்கிட் வாங்கவில்லை. திருச்சியிலிருந்து விமானம். 'ரேட்டு தெரிஞ்ச ஆளு' என்று காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். திண்டுக்கல் தாண்டும்போது ஜோசப் செல்போனைப் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஷெர்லினு, அடுத்த வாரம் எறங்கும்ங்கிறான். டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்ன? கொஞ்சம்போலத்தான் பிடிப்பான்."

[காருக்குள் மௌனம் ஒரு மூட்டையைப்போல... நீக்கிவிட்டேன். மௌனம் மூட்டையாகவும் இல்லை, ஒன்றாகவும் இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.]

ஷெர்லின் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "ஆறின கஞ்சி பழங்கஞ்சிங்க."

திருச்சி விமான நிலையம் வந்தது. வழியனுப்ப வருகிறவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் நான் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டேன். பெட்டிகளைப் போட்டுவிட்டு இருவரும் திரும்பி நடந்தார்கள். நடுவில் பணம் மாற்றும் கவுண்டர். ஷெர்லின் நின்றாள். ஜோசப் நான்கு எட்டு முன்னால் போய்விட்டார். அவள் கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டையும் ரூபாய்க் கட்டையும் எடுத்து உள்ளே நீட்டினாள். அது அவளுடைய பணம். கிடங்கில் தரையில் சிந்துகிற காயைக் கூட்டி அள்ளி, புடைத்து, தனியாக விற்றுச் சேர்த்தது. விலைப் பலகையை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேரமும் பேசவில்லை. கொடுத்ததை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜோசப்பைத் தாண்டி நடந்தாள்.

என் கட்டுரை மொத்தமும் அந்த இடத்தில் செத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

5

இங்கே முடிவு வேண்டும். இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அ) ஜோசப் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடி அவள் பின்னால் ஓடுகிறார். நான்கு நாள் கழித்து எனக்கு ஒரு படம் வருகிறது, கடல், இரண்டு நாற்காலி. கார்முகிலுக்கு இதுதான் பிடிக்கும். 

ஆ) ஷெர்லின் தனியாகப் போகிறாள். கடலுக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுகிறாள். படிக்கிறவர்கள் கைதட்டுவார்கள், நானும் தட்டுவேன். ஆனால் அந்த முடிவில் ஜோசப் எங்கே நிற்கிறார் என்று எனக்கு எழுத வரவில்லை. 

இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது என்னவென்றால், என் செல்போன் அடித்தது.

6

"அண்ணே, ஷெர்லினு கவுண்டர்ல மாத்திப்புட்டாண்ணே! இருபத்தி நாலு ரூவா! வெளிய இருபத்தி ஒண்ணரைதான் போகுது. திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவானா? எம்புட்டுக்கு எடுப்பான்? ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

கண்ணாடி வழியாக அவரைப் பார்க்கிறேன். ஒரு கையில் பாஸ்போர்ட், ஒரு கையில் போன். கவுண்டர் பக்கம் ஓர் எட்டு வைக்கிறார், திரும்புகிறார். ஷெர்லின் பாஸ்போர்ட் சோதனை வரிசைக்குப் போய்விட்டாளாம். ஒரு தடவைகூடத் திரும்பவில்லையாம்.

எனக்குப் பதில் தெரியும். எடுத்துக்கொள்வான், பத்தொன்பதுக்கோ இருபதுக்கோ. அதைச் சொன்னால் ஜோசப் நேரே கவுண்டருக்குப் போய்ச் சண்டை பிடிப்பார். 'ஓடு, போய் அவ பக்கத்துல நில்லு' என்று சொல்லலாம். ஆனால் அவர் என்னிடம் கேட்டது அதை அல்ல. கேட்காத ஒன்றைச் சொன்னால் அவர் காதில் ஏறுமா? எனக்குச் சோர்வாக இருக்கிறது. இத்தனை வயதுக்கு மேல் அடுத்தவர் குடும்பத்துக்கு முடிவு எழுத எனக்குத் தெம்பில்லை.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்த விலையெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். போனை உங்களிடம் தருகிறேன், பிடியுங்கள்.

"அண்ணே? கேக்குதா? வெரசாச் சொல்லுங்கண்ணே, அவளுக்கு முன்னால ரெண்டு பேருதான் நிக்கிறாக."