இடுப்பு உயர மேடை

பைக் பழுதுபார்க்கும் கடையில் அவனைக் 'கொக்கி' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷம் தரையில் குந்தி உட்கார்ந்து எஞ்சின்களைக் கழற்றி மாட்டியதில் முதுகு அப்படி வளைந்துவிட்டது. அந்தப் பெயரை முதலில் வைத்தவரே கடை முதலாளிதான். கொக்கியின் மனைவிக்கு அண்ணன்.

"மச்சான், வண்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்குற மேடை ஒண்ணு வாங்கிப் போடுங்க. காலையில எந்திரிக்கவே முடியல" என்று ஒருநாள் கேட்டான்.

"ஓ, துரை நின்னுக்கிட்டுத்தான் வேலை பார்ப்பாராமே!" வண்டி விட வந்தவர்கள் முன்னாலேயே முதலாளி சிரித்தார். "கொக்கின்னா வளைஞ்சுதாம்ப்பா இருக்கணும்."

கொக்கி விடுமுறை நாட்களில் வந்து, கடைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த இரும்பை வெட்டி, வெல்டிங் வைத்து, ஜாக்கியால் உயரும் மேடை ஒன்றைத் தானே செய்தான். ஏற்றிய பாரத்தைத் தாங்குவது ஒரே ஒரு போல்ட். மாதம் ஒருமுறை அதை மறக்காமல் மாற்றிவிடுவான். மூன்றாம் மாதம் வலி பாதியாகக் குறைந்தது. மனைவியின் கையைப் பிடிக்காமல் படுக்கையிலிருந்து எழுந்தான்.

வேலை மளமளவென்று முடிவதை முதலாளி கவனித்தார். முப்பது வயது மெக்கானிக் ஒருவனைப் புதிதாகச் சேர்த்து, மேடையை அவனுக்குக் கொடுத்தார்.

"அது நான் செஞ்சது மச்சான்."

"இரும்பு யாரோடது? நீ கீழ உட்கார்ந்து பழகினவன். இவனையும் எதுக்குக் கொக்கியாக்கணும்?"

கடையே சிரித்தது. புதியவனும் சிரித்தான். வீட்டில் சொன்னபோது மனைவி, "அண்ணன் சொல்றதும் சரிதானே. உங்க முதுகுதான் ஏற்கெனவே போயிடுச்சே" என்றாள்.

மறுபடி குந்தினான். வலி இடுப்பிலிருந்து முழங்கால்வரை இறங்கியது. போல்ட்டை மாற்றவேண்டிய நாள் வந்து போனது. அடுத்த மாதமும் போனது. அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"அண்ணே, மேடை லேசா ஆடுதே?" என்றான் புதியவன்.

கொக்கி உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கினான். போல்ட்டின் கழுத்தில் விரிசல் ஓடியிருந்தது.

"அது அப்படித்தான் ஆடும். ஒண்ணும் ஆகாது."

மறுநாள் மதியம் போல்ட் முறிந்தது. வண்டி சரிந்து புதியவனின் வலது முழங்காலை நசுக்கியது. அலறல் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். கொக்கிதான் முதலில் வண்டிக்கு அடியில் கை கொடுத்தான்.

"காலு போனவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று முதலாளி புதியவனை வேலையிலிருந்து நிறுத்தினார். மேடையைத் துண்டுதுண்டாக வெட்டச் சொன்னார்.

கொக்கி ஒருநாள் அவனைப் பார்க்கப் போனான். புதியவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"கடையிலேருந்து நீங்க ஒருத்தர்தாண்ணே எட்டிப் பார்த்தீங்க. உங்களைப் பார்த்துச் சிரிச்ச பாவந்தான் இது."

சொல்லிவிடலாம் என்று கொக்கி வாயைத் திறந்தான். அதற்குள் புதியவனின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடித்தான். "உடம்பைப் பார்த்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அதன்பிறகு இரண்டு பேர் வேலையும் அவன் தலையில் விழுந்தது. ஆறாவது வாரம் ஒரு மாலையில் சக்கரத்தை மாட்டி முடித்தவனால் எழ முடியவில்லை. இருவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். வலது கால் தரையில் ஊன்றவே இல்லை, துணிபோல் தொங்கியது.

முதலாளி அதைப் பார்த்தார். பிறகு வாசலில் 'மெக்கானிக் தேவை' என்று அட்டை எழுதி மாட்டச் சொன்னார்.