மாப்பிள்ளைக்குப் போட்ட சட்டை

எங்கள் கட்டட வேலையில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான். சாக்குத்துணியில் தைத்து, ஓர் ஆள் எடைக்கு மணல் நிரப்பிய பொம்மை. மேலேயிருந்து விழுகிறவனை பெல்ட் தாங்குமா என்று சோதிக்க அவனைத்தான் அவ்வப்போது உச்சிக்கு ஏற்றித் தள்ளுவார்கள். ஒரு துரும்பைக்கூட அசைக்காமல் நாலு பேர் தூக்கிக்கொண்டு திரிய வலம் வருகிறான் அல்லவா, அதனால் அந்தப் பெயர். ஸ்டோரில் என் நாற்காலிக்குப் பின்னால் கிடப்பான்.

ஸ்டோர் என் பொறுப்பு. ஹெல்மெட், பெல்ட், கையுறை எல்லாம் என் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். என் வீட்டுக்காரர் இதே கான்ட்ராக்டரிடம் சாரம் கட்டியவர். மேலேயிருந்து விழுந்து செத்தார். பெல்ட் போட்டிருந்தார், அதன் கொக்கியைச் சாரக் குழாயில் மாட்டவில்லை என்றார்கள். அப்புறம் இரக்கப்பட்டு எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். புது ஆட்கள் வரும்போதெல்லாம் சேஃப்டி சார் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார். நானும் சொல்வேன்.

"என் வீட்டுக்காரர் கொக்கிய மாட்டல. சோம்பேறித்தனம். இப்ப நான் இங்க நிக்கறேன். நாளைக்கு உங்க வீட்டுல இருந்து யாரு வந்து நிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

வீட்டில் மட்டும் விடுவேனா? அடுப்பைப் பற்ற வைக்கும்போதும் துணி பிழியும்போதும் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். "ஒரு கொக்கிய மாட்ட உனக்குக் கை வலிச்சுதாய்யா?" என் மகன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். காது புளித்துப்போயிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

வளர்ந்ததும் அவனும் சாரம் கட்டத்தான் வந்தான். தலைகீழாக நின்று பார்த்தேன். கல்லுளிமங்கன், அசையவில்லை. சரி, கண் முன்னாலாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மேஸ்திரி ஸ்டோர் ஜன்னலில் வந்து சாய்ந்தார்.

"அக்கா, சொன்னா கோச்சுக்காதீங்க. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. உங்க பையன் மேல போனா கொக்கிய மாட்டறதே இல்ல. கேட்டா சிரிக்கறான்."

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "குழாய நம்பறதுக்குப் பதிலா என் கைய நம்பறேன்மா" என்றான். அப்பனைப் போலவே இவனும் போய்ச் சேரப் போகிறான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இருப்பது இவன் ஒருத்தன்தான். என்ன செய்தாவது இவன் கையால் அந்தக் கொக்கியை மாட்ட வைத்துவிட வேண்டும்.

அடுத்த சோதனை நாளன்று பெட்டியிலிருந்து என் வீட்டுக்காரருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அதில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம், நான் தைத்தது. மாப்பிள்ளைக்கு அதைப் போட்டுவிட்டேன்.

"இன்னைக்கு கொக்கி மாட்டாம தள்ளுங்க சார். எல்லாரும் பாக்கட்டும்" என்றேன். சேஃப்டி சார் என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்றார். தடுப்புக் கயிற்றுக்குப் பின்னால் எல்லாரும் நின்றார்கள். மகனைக் கையைப் பிடித்து இழுத்து முதல் வரிசையில் நிறுத்தினேன்.

தள்ளினார்கள். மூட்டை விழுகிற சத்தம்தான். ஆனால் விழும்போது சட்டை காற்றில் உப்பியது பாருங்கள், அது அவராகவே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"நல்லா பாத்துக்கடா. உங்கப்பன் இப்படித்தான் விழுந்தாரு. கொக்கிய மாட்டாத கழுதைக்கு இதுதான் கதி" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

அவன் கயிற்றைத் தாண்டிப் போனான். மண்டியிட்டு, பொம்மையைப் புரட்டி, சுருண்டிருந்த சட்டையைக் கீழே இழுத்துவிட்டான். பிறகு மாப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோரைப் பார்த்து நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினான்.

"அப்பா இப்படி விழலம்மா."

"உனக்கு என்னடா தெரியும்?"

"நான் பாத்தேன். அன்னைக்கு நீ சாப்பாடு குடுத்து அனுப்பினேல்ல, தூக்கோட கீழ நின்னுட்டிருந்தேன். என்னப் பாத்து அப்பா கை ஆட்டினாரு. அப்புறம் கொக்கிய மாட்டிட்டுத்தான் சாஞ்சாரு. மாட்டின குழாயே கழண்டு வந்துடுச்சும்மா. குழாய இறுக்கற கிளாம்ப யாரும் முடுக்கவே இல்ல. கீழ கெடக்கறப்ப அந்தக் குழாய் கொக்கியிலேயே இருந்துச்சு. யாரோ வந்து கழட்டி எடுத்துட்டுப் போனாங்க."

அன்றைக்கு கேட்டிலேயே தன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் இவன் என்னிடம் சொல்லியிருந்தான். தூக்கு திறக்காமல் வீட்டுக்கு வந்தது.

"ஏன்டா சொல்லல? இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ மூலையில சுருண்டு கெடந்தே. சாப்பிடல, பேசல. அப்புறம் ஒரு நாள் அவரத் திட்ட ஆரம்பிச்சே. திட்டிக்கிட்டே எந்திரிச்சு அடுப்பு பத்த வச்சே. எனக்குச் சோறு போட்டே." பொம்மையின் சட்டையில் கழன்றிருந்த பொத்தானை மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னான். "நீ திட்டறத நிறுத்தினா திரும்பப் படுத்துடுவியோன்னு பயமா இருந்துச்சு."

வந்தவன் போனவன் எல்லார் முன்னாலும் நான் சோம்பேறி என்று சொன்ன மனுஷன். மகனுக்குக் கையை ஆட்டிவிட்டு, ஒழுங்காகக் கொக்கியை மாட்டியிருக்கிறார்.

மறுநாள் புது ஆட்கள் வந்தார்கள். சேஃப்டி சார் வழக்கம்போலக் கூப்பிட்டார். இன்ஜினியரும் நின்றிருந்தார்.

"என் வீட்டுக்காரர் கொக்கிய மாட்டினாரு" என்றேன். "மாட்டின குழாய்தான் கழண்டு வந்துச்சு. அதனால மாட்டறதுக்கு முன்னாடி குழாயப் புடிச்சு உலுக்கிப் பாருங்க. ஆடுச்சுன்னா எறங்கி வந்துடுங்க. எவன் ஏறச் சொன்னாலும் ஏறாதீங்க."

"அம்மா, போதும்" என்றார் இன்ஜினியர். எனக்குப் போதவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். மேலே சாரத்தில் என் மகன் ஒரு குழாயை இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்துவிட்டுக் கொக்கியை மாட்டினான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தீப்பெட்டியை எடுத்தேன். பழக்கதோஷத்தில் வாய் திறந்துகொண்டது. "ஒரு கொக்கிய மாட்ட உனக்கு..." அதோடு நின்றுவிட்டது. அந்த மனுஷனைத் திட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. குச்சி எரிந்து விரலைச் சுட்டது. அப்படியே அடுப்படியில் சரிந்து உட்கார்ந்து, அவர் செத்த அன்றைக்கு அழுதிருக்க வேண்டியதையெல்லாம் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மகன் வந்து என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கினான். அன்றைக்கு அவன்தான் அடுப்பைப் பற்ற வைத்தான், அவன்தான் சோறும் போட்டான்.