வடிகட்டிய எண்ணெய்

“நீங்க பேசாம இருங்க, நான்…”

“எத்தனை நாளைக்குப் பேசாம இருக்கச் சொல்றே? செத்தவன் தலையில பழியைப் போட்டுட்டு…”

“செத்தவரு இனிமே வேலைக்குப் போகப் போறாரா? நீங்க போகணும்லா.”

சன்னாசி சட்டையை மாட்டிக்கொண்டார். மனைவி செல்லாயி வாசலை மறித்து நின்றாள்.

நேற்றுத்தான் ராமையாவின் கருமாதி முடிந்தது. ஜெலாப்பாங் சுண்ணாம்புக்கல் ஆலையில் அவர் ஃபிட்டர். சன்னாசி அவருக்கு உதவியாள். பளுதூக்கியின் பல்சக்கரம் தேய்ந்து உடைந்து, கல் ஏற்றிய தொட்டி ராமையாவின் மேல் விழுந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, மறுநாளே ஆப்பீஸ்காரர்கள் பல்சக்கரப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். எண்ணெயில் கலக்கவேண்டிய கறுப்பு மாவே இல்லை, ராமையா கலக்க மறந்துவிட்டார் என்று எழுதினார்கள்.

அந்த மாவு எதற்கென்று சன்னாசிக்கு அன்றுதான் தெரிந்தது. பளு ஏறினால் எண்ணெய் பிதுங்கி விலகிவிடுமாம். அப்போது இந்த மாவுதான் பல்லில் படலமாக ஒட்டிக்கொண்டு, இரும்பை இரும்பு தின்னாமல் காக்குமாம்.

ராமையா மறக்கவில்லை. சிலிம் ரிவர் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் ரப்பர் பால் வடிகட்டியவர் சன்னாசி. உறைந்த ரப்பர் ஷீட்டில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் போதும், மேற்பார்க்கும் மண்டோர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். ராமையா கலந்து வைத்திருந்த எண்ணெய் டின்னின் அடியில் கறுப்பு தங்கியிருந்ததைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. மேலே தெளிந்ததைத் துணியில் வடிகட்டிப் பெட்டியில் ஊற்றினார். அடிவண்டலைக் கால்வாயில் கொட்டினார். ராமையாவிடம் சொல்லவேண்டிய காரியமாகவே அது படவில்லை.

“வழியை விடு, செல்லாயி.”

ராமையாவின் மனைவி இருளாயி, சன்னாசி வாசலில் நின்று கூப்பிட்டதும் குசினியிலிருந்து வந்தாள்.

“வாங்கண்ணே. கோப்பி கலக்கட்டா?”

“வேணாம்மா. நீ உக்காரு.”

“உக்காந்தா அவரு நெனப்புத்தான். ஆஸ்பத்திரியில மூணு நாளும் அதே பேச்சு. ‘நான் கலந்தேனா, கலக்கலியா இருளாயி’ன்னு. எனக்கு என்னாண்ணே தெரியும்? எல்லாம் தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு.”

“அவன் கலந்தான்மா.”

இருளாயி நிமிர்ந்து பார்த்தாள்.

“நான்தான் அழுக்குன்னு நெனச்சு வடிகட்டிட்டேன். நாளைக்கு ஆப்பீஸ்ல போய்ச் சொல்லிடுறேன். வேலை போனாப் போகட்டும்.”

அவள் அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“மூணு நாளும் கட்டில் பக்கத்துலதானே நின்னீங்க. அவருகிட்ட ஏண்ணே சொல்லலே?”