பூபாலனின் வெள்ளை வேட்டி

ஓட்டுக் கேட்க வேனில் ஏறிச் சேக்காட்டுக்குப் போன எங்கள் குழுவில், பூபாலன் மட்டும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தான். வேண்டாமென்றேன், கேட்கவில்லை. முதல் வீட்டிலேயே அவனை வேட்பாளர் என்று நினைத்து ஆரத்தி எடுத்துவிட்டார்கள். வாயைத் திறந்து மறுத்தானா, அதுதான் இல்லை. அடுத்த தெருவில் ஆளாளுக்குக் கால்வாய் கட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உண்மையான வேட்பாளர் தமிழரசு, வியர்வையில் நனைந்த டீ-ஷர்ட்டோடு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற பார்வதம் என்ற அம்மாவிடம் நோட்டீஸை நீட்டிக் கும்பிட்டார்.

அவர் நோட்டீஸையும் தமிழரசுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, நோட்டீஸ் குடுக்க வந்த நீ உன் போட்டோவப் போட்டுக்கினு கீறே. எலெக்சன்ல நிக்கிறவரு போட்டோவப் போட வேணாவா?" என்று பூபாலனைக் காட்டினார்.

"வுடும்மா, நம்ம பையன்தான்" என்றான் பூபாலன்.