பாதியில் நின்றவர்கள்

மூன்றாவது தடவையும் கரு கலைந்தபோது மீராவின் டாக்டர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார். ஊசியை முழுசாகப் போட்டு முடித்திருந்தால் ஒருவேளை தங்கியிருக்கும் என்றார். மலையாளத்தில், மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான். ஆனால் அந்த 'ஒருவேளை' மீராவோடு திருவனந்தபுரம் வலியசாலை வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது.

அடிக்கடி கரு கலையும் பெண்களுக்கு வாரம் ஒன்றாக, ஐந்தாம் மாதம் வரைக்கும் போடுகிற ஊசி அது. மீராவுக்கு மூன்றாம் மாதத்திலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. தோசை வார்க்கும்போதும் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், போட்டுக்கொள்ளாமல் விட்டுப்போன அந்த மிச்ச ஊசிகளைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் கௌசிக் ஊர்க்கோடியில் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். அவன் எதையும் வாய்விட்டுச் சொல்கிறவன் இல்லை. எதிர்வீட்டில் குழந்தைக்குக் காது குத்துக்கு அழைத்தபோது தான் மட்டும் போய்விட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்து, தலைவலி என்று படுத்துக்கொண்டான்.

மீராவின் வேலை மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில். அங்கே யாரும் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. ஒரு மருந்து உண்மையிலேயே பலன் தருகிறதா என்று உலகத்தில் எங்கெங்கோ நடந்த சோதனைகளையெல்லாம் தேடிப் பிடிப்பார்கள். ஒவ்வொன்றும் ஒழுங்காக நடந்ததா, நம்பலாமா என்று சலிப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று எழுதுவார்கள். சிஸ்டமேடிக் ரிவ்யூ என்று அதற்குப் பெயர். ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தலைவர் உமாசங்கர் அடுத்த ரிவ்யூ அந்த ஊசியைப் பற்றித்தான் என்று சொன்னார். யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அவர் கேட்டு முடிக்குமுன் மீரா கையைத் தூக்கிவிட்டாள்.

தனக்கு அந்த ஊசி போட்டிருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அவள் கருவுற்றதும் இழந்ததும் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. மூன்று முறையும் வைரல் ஃபீவர் என்றுதான் லீவு போட்டிருந்தாள்.

கூட வேலை செய்ய இசக்கிசெல்வி அமைந்தாள். நாகர்கோவில் பெண், மீராவைவிட எட்டொன்பது வயது இளையவள், உள்ளூரில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒவ்வொரு சோதனையையும் இருவரும் தனித்தனியாகப் படித்து, ஒருவர் போட்ட தீர்ப்பை மற்றவர் பார்க்காமல் பதிய வேண்டும். அப்புறம் ஒப்பிட வேண்டும். ஒருவர் மனச்சாய்வு இன்னொருவரால் பிடிபடட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

சோதனைகள் மளமளவென்று சேர்ந்தன. பெரும்பாலானவை சின்னச் சின்னவை. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் அவற்றில் இல்லை. ஒவ்வொன்றையும் மூடி வைத்த கையோடு மீரா அவசரமாக அடுத்ததைத் திறந்தாள். அப்போதுதான் அந்த ஒன்று கிடைத்தது. பல வருடங்களுக்கு முன்னால் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நடந்த சோதனை. ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் முக்கால்வாசிக்கு மேல் குழந்தை பெற்றிருந்தார்கள். போடாதவர்களில் பாதிப்பேர்கூட இல்லை. அதைப் படித்ததும் மீராவால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து வராந்தாவில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தாள். வெளியே மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது.

சாயங்காலம் கௌசிக்குக்கு அதை வாசித்துக் காட்டினாள். அவன் லேப்டாப்பை மூடிவிட்டுக் கேட்டான். நம்ம பக்கத்துப் பொம்மனாட்டிகள்தானே, நம்ம உடம்புவாகுதானே என்றான். அடுத்த மாதம் டாக்டரைப் போய்ப் பார்க்கலாமா என்று அவனாகவே கேட்டான். அவன் குரலில் அந்த ஆசையைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அந்தச் சோதனையில் ஒரு குறை இருக்கத்தான் செய்தது. ஊசி போட ஆரம்பித்த பெண்களில் ஒரு பங்கு 'தொடர்ந்து வரவில்லை' என்று கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். ஏன் வரவில்லை என்று எழுதியிருக்கவில்லை. கிராமத்து ஆஸ்பத்திரியில் அது சகஜம், பெண்கள் அம்மா வீட்டுக்குப் போவார்கள், ஊர் மாறுவார்கள் என்று மீரா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நம்பத்தகுந்தது என்று பதிந்தாள்.

செல்வி நம்ப முடியாதது என்று பதிந்திருந்தாள்.

ஒப்பிட்டுப் பார்க்க இருவரும் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். மற்ற சோதனைகளிலெல்லாம் அநேகமாக ஒத்துப்போயிற்று. இதில் மட்டும் மீரா விடவில்லை. ஏழைப் பெண்கள், பஸ் வசதி இல்லாத காலம், டெல்லியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது புரியாது என்று ஏதேதோ பேசினாள். நாகர்கோவில்காரியிடம் போய் டெல்லியைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. செல்வி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிக்கா, ஊரு மாறிப் போயிருப்பாங்க. நான் ஒத்துக்கிடுதேன். ஆனா ஊசி போட்ட பக்கத்துல மட்டும் ஏன் அத்தன பேரு ஊரு மாறணும்? போடாத பக்கத்துல ஒருத்திகூடப் போகலியே?"

மீரா அந்த அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தாள். இதைக் கவனிக்காமல் விட்டேனா, கவனித்தும் தள்ளினேனா என்று அவளுக்கே தெரியவில்லை. விஷயம் உமாசங்கரிடம் போயிற்று. அவர் இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, சோதனையை நடத்தியவரையே கேட்டுவிடலாமே என்றார். ஆஸ்பத்திரியை மூடிப் பல காலம் ஆகியிருந்தது. செல்விதான் ஊரில் சொந்தக்காரர்களிடம் விசாரித்து, டாக்டர் சிவகாமியம்மாள் ஓய்வுபெற்றுத் திருவனந்தபுரத்தில் கரமனையில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடித்தாள். நானே போய்ப் பார்க்கிறேன் என்றாள் மீரா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாள். ஆற்றைப் பார்த்த மாடி வீடு. சிவகாமியம்மாளுக்கு எண்பதை ஒட்டிய வயது, காதுமட்டும் கொஞ்சம் மந்தம். எவ்வளவோ காலத்துக்கு அப்புறம் ஒருத்தர் அந்தச் சோதனையைப் பற்றிக் கேட்டு வந்திருக்கிறார் என்பதில் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இரி மக்களே, காப்பி குடி என்று சொந்த மகளிடம் சொல்வதுபோல் உபசரித்தார். பெண்கள் எங்கெங்கிருந்தெல்லாம் நடந்து வருவார்கள், குழந்தை பிறந்ததும் வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு எப்படி வந்து நிற்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். பிள்ளை தங்காத பெண்ணை அந்தக் காலத்தில் வீட்டில் என்ன பாடுபடுத்துவார்கள், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஊசியில் இறங்கினேன் என்றார். மீராவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

கடைசியில் கேட்டாள். "டாக்டர், தொடர்ந்து வரலைன்னு விட்டுட்ட பொம்மனாட்டிகள் இருக்காளே, அவா ஏன் வரலை?"

"கலஞ்சு போச்சுல்லா மக்களே," என்றார் சிவகாமியம்மாள் சாதாரணமாக. "கலஞ்சதுக்குப் பொறவு ஊசிக்கு எதுக்கு வருவாளுவ? கோர்ஸ் முடிக்காதவள எப்படிக் கணக்குல சேக்க? மருந்து முழுசா உள்ள போகாம மருந்து தோத்துப்போச்சுன்னு சொல்லலாமா?"

ஆற்றின் அக்கரையில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கரு தங்கியவள் கடைசி ஊசிவரை வந்தாள். தங்காதவள் பாதியில் நின்றாள். நின்றவர்களையெல்லாம் எடுத்துவிட்டு எண்ணினால் மிச்சமிருப்பவர்கள் பெரும்பாலும் பெற்றவர்கள்தான். அவள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அவளையும் எடுத்திருப்பார்கள். முழுசாகப் போட்டு முடித்திருந்தால் என்று தன் டாக்டர் சொன்னதும் இதே கணக்குத்தான். ஊசி நின்றதால் கரு போகவில்லை. கரு போனதால்தான் ஊசி நின்றது. தினம் தினம் இதே வேலையைச் செய்கிறவள், தன் விஷயத்தில் இது புரியாமல் ஒரு வருஷம் முழுக்க அந்த மிச்ச ஊசிகளுக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் முகத்தைப் பார்த்த சிவகாமியம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவளுவளையும் சேத்து எண்ணியிருந்தா?"

"ரெண்டு பக்கமும் அநேகமா ஒண்ணாத்தான் வரும்னு தோண்றது, டாக்டர். சரியாச் சொல்ல அந்தப் பழைய கணக்கு வேணும்."

அதெல்லாம் ஆஸ்பத்திரியோடு போயிற்று என்றார் அவர். "பொய் சொல்லணும்னு செய்யல்ல மக்களே. பலிக்கணும்னு அவ்வளவு ஆசப்பட்டேன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் மீரா. அப்புறம் அவரிடம், யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். மூன்று தடவையையும் சொன்னாள். சிவகாமியம்மாள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். மருந்தைப் பற்றி அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

திங்கட்கிழமை மீரா உமாசங்கரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தன் தீர்ப்பில் ஆசை கலந்துவிட்டது, தான் போட்ட தீர்ப்புகள் அத்தனையையும் வேறொருவர் புதிதாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். உமாசங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கண்டிக்க வாயெடுத்தவர், சொல்லாமல், ஒரு வாரம் லீவு வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றாள். வேறொருவர் வந்து செய்தார். மீராவுக்கு ஊசி போட்ட விவரமும் ரிவ்யூவின் கடைசியில் அவள் சம்மதத்தோடு ஒரு வரியாக இடம்பெற்றது. செல்வி ஒரு நாள் காலையில் அந்த வரியைப் படித்தாள். மத்தியானம் தன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து மீராவின் மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

முடிவு இதுதான்: ஊசியால் பலன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல இப்போதுள்ள ஆதாரம் போதாது, பாதியில் நின்றவர்களையும் சேர்த்து எண்ணும் ஒரு நல்ல சோதனை வேண்டும்.

கௌசிக்குக்கு இது பிடிபடவில்லை. "பலன் இல்லேன்னும் தெரியலைங்கறே. அப்போ போட்டுண்டா என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை என்றுதான் மீராவுக்கும் பட்டது. அதனால் அவளால் கோபப்பட முடியவில்லை.

மறுவருஷம் ஊரிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு சோதனை தொடங்கினார்கள். சேருகிற பெண்ணுக்கு மருந்தா வெறும் உப்புத் தண்ணீரா என்பது குலுக்கல்போல அமையும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. எது யாருக்கு என்று போடுகிற நர்ஸுக்கும் தெரியாது, சோதனை முழுக்க முடிகிறவரை டாக்டருக்கும் தெரியாது. அந்தச் சமயம் மீராவுக்கு நான்காவது முறையாக நாள் தள்ளியிருந்தது. அவள் சேர்ந்தாள்.

அன்றுதான் கௌசிக் அவளிடம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "நோக்குத் தண்ணிதான் வந்துதுன்னா? காசு கொடுத்தா வெளியிலேயே மருந்து கிடைக்கறதே."

"கிடைக்கறது. ஆனா அது மருந்தான்னு இன்னும் யாருக்கும் தெரியாதே, கௌசிக்."

அவனுக்கு அதில் சம்மதமில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தான். ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஊசி ஏறும்போது அந்தத் தெளிந்த திரவத்தை மீரா பார்த்துக்கொண்டே இருப்பாள். மருந்தாக இரு, மருந்தாக இரு என்று மனசு சொல்லும். மூன்றாம் மாதம் தாண்டியது. நான்காவதும் பாதிவரை வந்தது. கௌசிக் ஒருநாள் கேட்காமலே சாலைக் கடைத்தெருவிலிருந்து மாங்காய் வாங்கிவந்தான்.

ஒரு விடியற்காலையில் அது போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள் அவள் படுக்கையிலேயே கிடந்தாள். அடுத்த ஊசிக்கான நாள் வந்தபோது எழுந்து குளித்துப் புடவை கட்டிக்கொண்டாள். எங்கே என்று கௌசிக் கேட்டான். சோதனை நடக்கிற இடத்துக்கு என்றாள். இனிமேல் அங்கே என்ன வேலை என்று கேட்கப்போனவன், அவள் முகத்தைப் பார்த்து ஆட்டோ கூப்பிடப் போனான்.

அங்கே விவரம் பதிகிறவன் பிரஜின் என்ற இளைஞன். அவளைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்தவன், அவள் சொன்னதைக் கேட்டு நின்ற இடத்திலேயே நின்றான். போனில் சொன்னால் போதுமே, இந்த நிலையில் ஏன் வந்தீர்கள் என்று மலையாளத்தில் வருத்தப்பட்டான்.

"தொடர்ந்து வரலைன்னு எழுதிடக் கூடாது, அதான் வந்தேன்," என்றாள் மீரா. "கலைஞ்சு போச்சுன்னு எழுதுங்கோ. என்னையும் சேர்த்து எண்ணணும்."

அவன் அவள் முன்னாலேயே பதிந்தான். தனக்குப் போட்டது எது என்று எப்போது தெரியும் என்று அவள் கேட்டாள். சேர்ந்த பெண்கள் எல்லோருக்கும் முடிகிறவரை யாருக்கும் தெரியாது சேச்சி, வருஷங்கள் ஆகும் என்றான்.

திரும்பும்போது ஆட்டோ பாளையம் சிக்னலில் நின்றது. கௌசிக் அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். எதுவாக இருந்திருக்கும் என்று அவன் கேட்டான். தண்ணீராக இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல வந்தாள் மீரா. தண்ணீர்தான் என்றால் அந்த மருந்து இன்னும் தோற்கவில்லை. அடுத்த தடவைக்கு ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது. இப்படி நினைக்கிறவள் இதற்குத் தீர்ப்புச் சொல்ல லாயக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், விளக்கு மாறி ஆட்டோ கிளம்பிய பிறகும், அது தண்ணீராகவே இருந்திருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டே வந்தாள்.