பிரசங்கியாரின் மூன்றாவது விரல்

என் கணவருக்கு மறதி வந்த பிறகுதான் மரியாதை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னை "ஏய், இந்தா" என்றே கூப்பிட்டவர், இப்போது காலையில் கண் விழித்ததும் "நீங்க யாரும்மா?" என்று கேட்கிறார். "உங்க பெண்டாட்டிதாங்க" என்றால், "அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்று தலையாட்டுவார். பக்கத்து வீட்டில் யாருக்கோ வேலை கிடைத்த செய்தியைக் கேட்பதுபோல இருக்கும்.

அவர் போதகராக இருந்தவர். சபையார் ஐயா என்பார்கள், நான் மனசுக்குள் பிரசங்கியார் என்பேன். ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறியதும் மூன்று விரலை உயர்த்துவார். பிரசங்கத்துக்கு எப்போதும் மூன்று குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பும் முடிய ஒரு விரல் மடங்கும். மூன்றாவது மடங்கினால் வீட்டுக்குப் போகலாம் என்று பிள்ளைகள் எல்லாம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கும். பொய் சொல்வானேன், நானும்தான்.

ஆண்டவருடைய குணம் என்பதுதான் அவருக்குப் பிடித்த தலைப்பு. ஆனால் அவர் சொன்ன ஆண்டவர், பரீட்சை ஹாலில் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும் வாத்தியார் மாதிரி. பரிசுத்தம், நீதி, கோபம். கேட்டுக்கொண்டே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் நினைப்பேன், பாவம், இந்த ஆண்டவருக்கு வீட்டில் யாரும் இல்லை போலிருக்கிறது என்று.

இப்போது நான் எதையும் நினைப்பதில்லை. விடிந்தால் அவரை எழுப்ப வேண்டும், படுக்கை விரிப்பை உருவ வேண்டும், அதை அலச வேண்டும், அவரை ஸ்டூலில் உட்காரவைத்துக் குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், அவர் துப்பியதைத் துடைக்க வேண்டும். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாக, என் முழங்காலும் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். பிறகு உட்காருவதையே விட்டுவிட்டேன். ஆண்டவர் நல்லவர் என்று சொல்ல வாய் வரவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

அப்படி ஒருநாள் குளிப்பாட்டும்போது பிரசங்கியார் வாளியை எட்டி உதைத்தார். வெந்நீர் முழுவதும் என் மேல். குளியலறைக் கொடியில் காய்ந்திருந்த விரிப்புகளும் நனைந்துபோயின. "போதும்டா சாமி!" என்று கத்தினேன். சோப்பு நுரையோடு அவரை ஸ்டூலிலேயே விட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் படியிறங்கினேன். காலில் செருப்பில்லை. முழங்கைவரை ஈரம். தெருமுனையில் பஸ் ஒன்று வந்து நின்றது. எங்கே போகிற பஸ் என்றுகூட நான் பார்க்கவில்லை. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏறுறீங்களாம்மா?" என்றார்.

ஏறத்தான் நினைத்தேன். சத்தியமாக ஏறத்தான் நினைத்தேன். கால் நகரவில்லை. டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவை மூடினார். நான் மறுபடியும் படியேறினேன். நான் விட்ட இடத்திலேயே பிரசங்கியார் உட்கார்ந்திருந்தார். நுரை உடம்பிலேயே காய்ந்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. திரும்ப வெந்நீர் வைத்து ஊற்றினேன். துவட்டிவிட்டு மகளுக்குப் போன் செய்தேன்.

"அந்த இல்லத்துக்குச் சொல்லிடும்மா. என்னால முடியல."

அவள் எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். இரண்டே நாளில் முதியோர் இல்லத்து நர்ஸை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல பெண், சிரித்த முகம். பிரசங்கியார் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"தெரியலையேம்மா."

"இவங்க யாரு?" என்று என்னைக் காட்டினாள்.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "நல்லவங்க மாதிரிதான் தெரியுது" என்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க என்ன வேலை பார்த்தீங்கய்யா?"

"பிரசங்கம்." இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

"அப்ப ஆண்டவரைப் பத்தி எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன். அவரு எப்படிப்பட்டவரு?"

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். மூன்று விரல் மேலே போனது.

"முதலாவது," என்றார், "தண்ணிய நம்ம மேல ஊத்தறதுக்கு முன்னாடி, அவரு தன் முழங்கைய விட்டுப் பார்ப்பாரு. சூடா இருந்தா அவருக்குத்தான் முதல்ல சுடும்." ஒரு விரல் மடங்கியது.

நான் மடித்துக்கொண்டிருந்த துண்டு கையிலேயே நின்றது.

"ரெண்டாவது, திட்டுவாரு. ரொம்பத் திட்டுவாரு. வாய் திட்டிக்கிட்டே இருக்கும், கை துடைச்சுக்கிட்டே இருக்கும். வாயப் பார்த்துப் பயப்படக் கூடாது. கையத்தான் பார்க்கணும்." இரண்டாவது விரலும் மடங்கியது.

நர்ஸ் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் என் கையால் குடித்த ஒரு வாய் தண்ணீரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதுண்டா இந்த மனிதர்? இப்போது முழங்கை என்னுடையது, திட்டு என்னுடையது, பேர் மட்டும் ஆண்டவருக்கா? உழைப்பவள் ஒருத்தி, பேர் வாங்குபவர் இன்னொருவர். நல்ல நியாயம்!

"மூணாவது," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒருநாள் கோவம் வந்து, கதவ அறைஞ்சு சாத்திட்டு வெளிய போயிட்டாரு. எனக்குக் குளிருச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றையும் மறந்தவருக்கு இது மட்டும் எப்படி நினைவிருக்கிறது?

"அப்புறம் என்னாச்சுங்கய்யா?" என்றாள் நர்ஸ்.

அவர் நீட்டியிருந்த விரலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். "அப்புறம்..." என்றார். விரலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "வரல. ஏதோ ஒண்ணு இருந்துச்சு. இப்ப வரல."

"பரவாயில்லைங்கய்யா, அப்புறமா சொல்லுங்க" என்று அவரை உட்காரவைத்தாள் நர்ஸ். மகள் என் காதில் கிசுகிசுத்தாள். "அம்மா, அப்பா ஆண்டவரைப் பத்தி இவ்வளவு அழகாப் பேசி நான் கேட்டதே இல்ல. முடிவு மட்டும்தான் ஒரு மாதிரி."

நான் துண்டை மறுபடியும் மடிக்க ஆரம்பித்தேன்.

அன்றைக்கே அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். காரில் ஏறும்போதும் அந்த ஒற்றை விரல் மடங்கவே இல்லை. நான் வீட்டுக்குள் போய்ப் படுத்தேன். வெளிச்சம் போகும்வரை தூங்கினேன். எழுந்தபோது வீடு சுத்தமாக, சத்தமில்லாமல் இருந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உறுத்த ஆரம்பித்தது. பிரசங்கியாருடைய பிரசங்கம் பாதியில் நிற்கிறது. ஆண்டவர் கோபித்துக்கொண்டு, ஒரு மனிதனைக் குளிரில் விட்டுவிட்டுப் போனார் என்று நிற்கிறது. அந்த மனிதருக்குத் தெரிந்த கடைசிச் செய்தி அது. அது பொய் என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை, அவர் விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஜெபத்தை விட்டவள், நல்லவர் என்று சொல்ல வாய் வராதவள், ஆண்டவருக்காக யாருமில்லாத அறையில் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் ஏறவிடாமல் என் காலைப் பிடித்தது நான் இல்லை. எனக்கு அவ்வளவு நல்ல குணம் கிடையாது. என்னோடு குடித்தனம் நடத்தியவரைக் கேட்டால் தெரியும். அவருக்குத்தான் இப்போது நினைவில்லை.

மறுநாள் காலை வீட்டுத் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அந்தப் பஸ்தான் இல்லத்து வழியாகப் போகிறதாம். அன்றைக்குப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

இல்லத்துக் குளியலறை வாசலில் நர்ஸ் கைபிசைந்துகொண்டு நின்றாள். "நல்லவேளை வந்தீங்க. சட்டையக் கழட்டவே விடமாட்டேங்கறாரு."

பிரசங்கியார் ஸ்டூலில், சட்டையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் இல்லை. நான் வாளியருகே குனிந்து, முழங்கையைத் தண்ணீரில் விட்டேன்.

"சூடு பத்தாதும்மா. இன்னும் கொஞ்சம் வெந்நீர் கலக்கணும்" என்றேன்.

அவர் என் முழங்கையையே பார்த்தார். அதிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தார். பிடித்திருந்த சட்டையை விட்டார். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி, அந்த ஒற்றை விரலை உயர்த்தினார்.

"மூணாவது," என்றார், பழைய பீடத்துக் குரலில். "திரும்ப வந்துட்டாரு."

விரல் மடங்கியது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தை ஈரக் கையாலேயே துடைத்துக்கொண்டேன். "போதும் பிரசங்கம். தண்ணி ஆறுது, கையத் தூக்குங்க" என்று திட்டிக்கொண்டே சட்டையைக் கழற்றினேன். அவர் என் வாயைப் பார்க்கவே இல்லை.