பலூன்களுக்குப் பின்னால் வரும் பஸ்

வீட்டு வாசலில் தபால்பெட்டிக் கம்பத்தின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சமையலறைக் கத்தரிக்கோலால் அவில்டா புல் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பிடி நறுக்குவாள், பக்கத்திலிருந்த ஷூ டப்பாவில் போடுவாள், மறுபடி ஒரு பிடி. ஜனவரி ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணி. விடிந்தால், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள். ராஜாக்களின் ஒட்டகங்களுக்குக் கட்டிலுக்கு அடியில் புல் வைத்தால், அவை தின்னும், ராஜாக்கள் பரிசு வைத்துப் போவார்கள். குழந்தைகளுக்கான வழக்கம்தான். மகள் நெரெய்டா தனிக்குடித்தனம் போய்ப் பதினைந்து வருடமாகியும் கணவன் எஃப்ராயின் அதை விடவில்லை. வருடம் தவறாமல் புல் நறுக்கி, மனைவி படுக்கும் பக்கம் தள்ளி வைப்பான். இந்த வருடம் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

அவள் வெளியே வந்தது புல்லுக்காக மட்டும் இல்லை.

காலையில் நர்ஸ் ஒடாலிஸ் வந்திருந்தாள். எஃப்ராயினின் நாக்குக்கு அடியில் மருந்து விட்டாள். போர்வையை விலக்கிப் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவில்டாவைச் சமையலறைக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"இவ்வளவு நாள் தாங்கினதே அதிகம், அவில்டாம்மா. எதையோ பிடிச்சுக்கிட்டுக் கஷ்டப்படறாரு. சில பேருக்கு வீட்டு மனுஷங்க வாயால சொல்லணும், போலாம்னு. நீங்க சொல்லிட்டீங்களா?"

நெரெய்டா முந்தின நாளே அப்பாவின் காதருகில் சொல்லி அழுதுவிட்டாள். அவில்டா சொல்லவில்லை. அடுப்பில் காப்பி பொங்குகிறது என்று திரும்பிக்கொண்டாள். காப்பி பொங்கவில்லை. அவள் சொல்லி அவன் போனால், கதவைத் திறந்துவிட்டது அவள் என்றாகிவிடும்.

கதவு என்றால் அவளுக்கு ஒரு பஸ் கதவுதான் ஞாபகத்துக்கு வரும்.

எஃப்ராயின் இருபத்திரண்டு வருடம் தீம் பார்க்கில் பஸ் ஓட்டினான். அவில்டாவுக்கு அங்கேயே ஹோட்டல் சலவையில் வேலை. ஒவ்வொரு ஜனவரியிலும் பார்க்குக்குள் பதிமூன்று மைல் ஓட்டப்பந்தயம் நடக்கும். ஓடுகிறவர்களில் பாதிப் பேர் ராணி வேஷமும் கடற்கொள்ளையன் வேஷமும் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள். ஆனாலும் ஒரு கணக்கு உண்டு. மைலுக்குப் பதினாறு நிமிஷம். எல்லோருக்கும் கடைசியாக இரண்டு பெண்கள் பலூன் கட்டிக்கொண்டு அந்தக் கணக்குப் பிசகாமல் நடந்து வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் போய்விட்டால் பந்தயம் அவ்வளவுதான். ஒரு பஸ் வந்து பக்கத்தில் நிற்கும். அந்த பஸ்ஸை ஓட்டி வருகிறவன் எஃப்ராயின்.

அவில்டாவும் அந்தப் பந்தயத்தில் ஓடினாள். முதல் தடவை ஏழாவது மைலில் சிக்கினாள். கதவு திறந்தது. ஸ்டீயரிங்கில் சாய்ந்துகொண்டு, "டிக்கெட் எடுத்தாச்சா மேடம்?" என்றான். அவள் அசையாமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் மாறியது. எல்லோரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னான்.

"ஏறி உக்காரு. கால் வலிக்கும்."

உள்ளே விளக்குகள் அணைந்திருந்தன. விடியாத இருட்டில் முன்பே ஏறியவர்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறவர்கள் அழட்டும் என்றுதான் அணைத்து வைப்பதாகப் பிற்பாடு சொன்னான். இரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை. அடுத்த வருடம் ஒன்பதாவது மைல். அதே பஸ், அதே கதவு. "போன தடவைக்கு ரெண்டு மைல் கூட," என்றான். "இப்படியே போனா, நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிச்சுடுவே."

இந்த வருடப் பந்தயத்துக்கு அவனும் பெயர் கொடுத்தான். பஸ்ஸை வேறொருத்தன் ஓட்டட்டும், நான் உன் பக்கத்தில் வருகிறேன், நம்மை எவன் பிடிக்கிறான் பார்ப்போம் என்றான். ஏப்ரலிலிருந்து ஏரியைச் சுற்றி இருவரும் பயிற்சி எடுத்தார்கள். இடுப்பில் மாட்டும் குட்டி டைமர் ஒன்று வாங்கினார்கள். இரண்டு பீப் அடித்தால் முப்பது விநாடி ஓட்டம். ஒரு பீப் அடித்தால் முப்பது விநாடி நடை. வீட்டில் தோற்ற சண்டைகளை எல்லாம் எஃப்ராயின் ஓட்டத்தின்போதுதான் எடுப்பான். அவளுக்கு மூச்சு வாங்கும், பதில் சொல்ல முடியாது. நடை வந்து அவள் வாயைத் திறப்பதற்குள், "பாரு, அந்தக் கொக்கைப் பாரு," என்று பேச்சை மாற்றிவிடுவான்.

ஆகஸ்டில் அவனுக்கு முதுகு வலித்தது. ஓடுகிறவர்களுக்கு எங்கே வலித்தாலும் முதல் சந்தேகம் ஷூவின் மேல்தான். தேய்ந்துபோய்விட்டது, புதுசு வாங்கு என்று அவில்டாதான் சொன்னாள். கடைக்கு அழைத்துப் போனதும் அவள்தான். மூன்று நாள் போட்டுவிட்டு, இப்போது தேவலை என்றான் அவன். அக்டோபரில் படம் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் கணையத்திலிருந்து ஈரல் வரைக்கும் போயிருந்தது. ஆகஸ்டிலேயே வந்திருந்தால்கூட ஒன்றும் மாறியிருக்காது என்றார் டாக்டர். சில நாட்கள் அவள் அதை நம்பினாள்.

அந்த ஷூ வந்த டப்பாவில்தான் இப்போது புல் பாதி நிறைந்திருந்தது.

"அம்மா, உள்ள வா," என்று நெரெய்டா வாசலில் நின்று கூப்பிட்டாள். "மூச்சு வேற மாதிரி இருக்கு."

ஹாலில் வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில். அவில்டா டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். எஃப்ராயின் வேகவேகமாக மூச்சு வாங்கினான். ஒவ்வொன்றும் முந்தினதைவிடப் பெரிதாக வந்து, பிறகு சிறுத்து, நின்றுவிட்டது. நெரெய்டா வாயைப் பொத்திக்கொண்டாள். அவில்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தெட்டு விநாடி. மறுபடி மூச்சு கிளம்பியது.

அவள் அலமாரி இழுப்பறையைத் துழாவி டைமரை எடுத்துக் கட்டில் கம்பியில் மாட்டினாள். அடுத்த மூச்சு கிளம்பும்போது பித்தானை அழுத்தினாள்.

"என்னம்மா பண்றே?"

"உங்கப்பா ஓடறாரு. கவனிச்சுப் பாரு. ஓடறாரு, நடக்கறாரு."

இரண்டு பீப். நெஞ்சு ஏறி இறங்கியது. ஒரு பீப். அமைதி. அச்சு அசலாகப் பொருந்தவில்லை, ஆனால் ஏரிக்கரையில்கூட அவன் டைமருக்குச் சரியாக ஓடியதில்லை. நெரெய்டா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகவே அழுதாள்.

"இன்னும் பலூனுக்கு முன்னாடிதான் இருக்காரு," என்றாள் அவில்டா.

நான்கு மணிக்கு நடை நாற்பது விநாடியாயிற்று. ஐந்து மணிக்கு ஐம்பது. டைமர் ஓடு என்று சொல்லியும் அவன் தாமதமாகக் கிளம்பினான். கிளம்பும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி சுருங்கியது, வலதுகை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது. அவில்டா அந்தக் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். பின்னால் என்ன வருகிறது என்று தெரிந்தே ஓடுகிறவர்களின் முகம். அவளுக்கும் இரண்டு தடவை அந்த முகம் இருந்திருக்கும். அவள் பார்த்ததில்லை. பஸ்ஸின் கண்ணாடி வழியே அவன்தான் பார்த்திருக்கிறான்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. திரையை இழுத்துவிடச் சொன்னாள். நெரெய்டா இழுத்தாள். மேஜை விளக்கைப் போடப் போனவளை வேண்டாமென்று கையைக் காட்டித் தடுத்தாள். ஹால் மங்கியது.

அவில்டா குனிந்து அவன் காதில் வாயை வைத்தாள்.

"எஃப்ராயின். ஏறி உக்காரு. கால் வலிக்கும்."

கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் அவள் கைக்குள் மெல்லத் தளர்ந்தன.

"போன தடவைக்கு ரெண்டு மைல் கூட," என்றாள்.

அவன் இரண்டு முறை மூச்சு விட்டான். சிறிய, அவசரமில்லாத மூச்சு. ஒரு பீப் அடித்தது. பிறகு இரண்டு பீப். அவன் கிளம்பவில்லை. மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. நெரெய்டா அணைப்பதற்குக் கையை நீட்டினாள்.

"இரு," என்றாள் அவில்டா. "கொஞ்சம் இரு."

மணி ஐந்து நாற்பது. இன்னும் நாலைந்து தடவை அடித்த பிறகு அவளே அணைத்தாள்.

ஒடாலிஸ் வந்து எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனாள். ஏழு மணிக்கு அடக்க ஏற்பாட்டுக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, போட வேண்டிய துணிமணியை இப்போதே கொடுத்தாலும் சரி, நாளைக்குக் கொண்டுவந்தாலும் சரி என்றார். நெரெய்டா நீலச் சட்டையையும் கால்சட்டையையும் மடித்துக் கொடுத்தாள். பிறகு அலமாரி மேலிருந்த புது ஷூக்களை எடுத்து வந்தாள். மூன்று நாள் மட்டும் போட்டவை. அடிப்பாகம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"அது வேணாம்," என்றாள் அவில்டா.

"அம்மா, பழசு பூரா சேறும்மா. இது நல்லா இருக்கே."

"பந்தயத்தன்னைக்குப் புதுசு போடக்கூடாது. உங்கப்பாவே சொல்வாரு."

நெரெய்டா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புது ஷூக்களை மறுபடி அலமாரி மேல் வைத்தாள். அவில்டா பின்கதவருகில் போய்ப் பழைய ஷூக்களை எடுத்து வந்தாள். ஏரிக்கரைச் சேறு வெளுத்துக் காய்ந்திருந்தது. தட்டிவிடவில்லை.

பெரியவர் கையை நீட்டினார். தாங்கள் அங்கே போய்ப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க. நான் போட்டு விடறேன். அவருக்குக் கட்டத் தெரியாது, பாதி வழியில அவுந்துடும்."

பாதங்கள் வீங்கியிருந்தன. கயிற்றைக் கடைசித் துளைவரை தளர்த்தி, ஷூவின் நாக்கை இழுத்துவிட்டு, குதிகாலைத் தாங்கி உள்ளே நுழைத்தாள். ஏரிக்கரையில் நூறு தடவை குனிந்து கட்டிவிட்டது போலவே முடிச்சுப் போட்டு, அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். இடது கால். பிறகு வலது. இறுக்கமாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.

அவர்கள் தள்ளுவண்டியைத் திருப்பும்போது அதன் சக்கரம் கட்டிலுக்கு அடியில் எதையோ இடித்தது. இளையவன் மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை நெரெய்டா வாசலிலேயே நின்றாள். அவில்டா உள்ளே வந்து முழந்தாளிட்டாள். டப்பா கவிழ்ந்து புல் தரையில் சிதறியிருந்தது. ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துவந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு இரண்டையும் அவன் தலை வைத்திருந்த பக்கமாக, சுவர் வரைக்கும் தள்ளினாள்.